ஒளியால் அடங்கி ஒளியால் மீண்ட அச்சம்: நரம்பிணைப்பு நெகிழ்வும் நினைவும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ராபர்டோ மாலினோவின் ஆய்வகத்தில் சாதெக் நபாவி முன்னின்று நடத்திய ஒரு சோதனை, 2014-ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளிவந்தது. எலியின் மூளைக்குள் செலுத்திய ஒளியைக் காலில் தரும் மின்னதிர்ச்சியோடு இணைத்து அதில் ஓர் அச்ச நினைவு உருவாக்கப்பட்டது. பின்னர் அதே நரம்பிழைகளில் மெதுவான ஒளித் துடிப்புகளைச் செலுத்தியபோது அச்சம் வெளிப்படாமல் போயிற்று. வேகமான துடிப்புகளைச் செலுத்தியபோது அது மீண்டும் வெளிப்பட்டது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களான நரம்பிணைப்புகளின் வலு மாறுவதே கற்றலின் அடிப்படை என்னும் பழைய கருதுகோளுக்குக் கிடைத்த மிக நேரடியான சான்றுகளுள் ஒன்றாக இது இன்றளவும் கருதப்படுகிறது.

அந்த மதிப்பு தகுதியானதே. ஆனால் இந்த ஆய்வு நிறுவிய செய்தியும், இது நிறுவியதாகப் பரவலாகச் சொல்லப்படும் செய்தியும் ஒன்றல்ல. நரம்பிணைப்பின் வலு, ஒரு நினைவு வெளிப்படுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது என்பதை இந்தச் சோதனை ஐயமறக் காட்டியது. நினைவு அந்த வலுவிலேயே தங்கியிருக்கிறது என்பதை அது காட்டவில்லை. இந்த வேறுபாட்டைத் தெளிவாக்குவதற்காகவே சோதனையின் கருவி, வரிசை, கட்டுப்பாட்டுக் குழுக்கள் ஆகியவற்றை இங்கே சற்று விரிவாகப் பார்க்கிறோம்.

கேள்வியின் பின்னணி

ஒரு நரம்பணு இன்னொன்றைத் தூண்டுவதில் திரும்பத் திரும்பப் பங்கேற்றால் அவற்றுக்கிடையிலான இணைப்பு வலுப்பெறும் என்று டொனால்ட் ஹெப் 1949-இல் முன்மொழிந்தபோது அதற்குச் சோதனைச் சான்று எதுவும் இல்லை. 1973-இல் டிம் பிளிஸ், டெர்ஜே லோமோ ஆகிய இருவரும் முயலின் மூளையில் நினைவோடு தொடர்புடைய பகுதியான ஹிப்போகாம்பஸில் அடுக்கடுக்கான மின் துடிப்புகளைச் செலுத்தி, அதன் விளைவாக நரம்பிணைப்புகளின் எதிர்வினை பல மணி நேரம் உயர்ந்து நிற்பதைப் பதிவு செய்தனர். இதை நெடுங்கால வலுவேற்றம் என்று இங்கே குறிப்பிடுவோம். இதற்கு எதிரான மாற்றமும் உண்டு. நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் 900 துடிப்புகளை மெதுவாகச் செலுத்தினால் அதே இணைப்புகள் வலுவிழக்கின்றன என்பதை 1992-இல் செரீனா டூடெக்கும் மார்க் பேரும் ஹிப்போகாம்பஸ் சீவல்களில் காட்டினர். இதை நெடுங்கால வலுவிறக்கம் எனலாம்.

இவ்விரண்டின் மூலக்கூற்று இயக்கமும் ஓரளவு தெளிவாகவே தெரிந்திருந்தது. நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான குளுட்டமேட் வந்து சேர்வதும் பெறும் நரம்பணு ஏற்கெனவே கிளர்ந்த நிலையில் இருப்பதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால்தான், குளுட்டமேட்டை உணரும் புரதமான என்எம்டிஏ ஏற்பியின் வாயை அடைத்திருக்கும் மக்னீசிய அயனி விலகிக் கால்சியம் உள்ளே நுழைகிறது. கால்சியம் திடீரென மிகுதியாக நுழைந்தால் குளுட்டமேட்டை உணரும் மற்றொரு வகையான ஆம்பா ஏற்பிகள் இணைப்பின் மேற்பரப்பில் கூடுகின்றன. சிறிதளவில் நெடுநேரம் நுழைந்தால் அவை குறைகின்றன. என்எம்டிஏ ஏற்பியைத் தடுக்கும் மருந்தைப் பெற்ற எலிகள் நீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடையின் இடத்தைக் கற்றுக்கொள்ளத் தடுமாறுகின்றன என்பதை 1986-இல் ரிச்சர்ட் மாரிஸ் குழுவினர் காட்டினர். கற்றலுக்குப் பின் ஹிப்போகாம்பஸில் உண்மையாகவே வலுவேற்றம் நிகழ்கிறது என்பதை 2006-இல் மார்க் பேரின் ஆய்வகம் பதிவு செய்தது.

இவ்வளவு இருந்தும் காரண உறவு நிறுவப்படவில்லை. கற்றலும் வலுவேற்றமும் சேர்ந்து நிகழ்கின்றன என்பது ஒன்று. வலுவேற்றம்தான் கற்றல் என்பது வேறு. மருந்து ஓர் ஏற்பியைத் தடுக்கும்போது, அந்த ஏற்பி செய்யும் அனைத்து வேலைகளையும், மருந்து பரவும் இடமெங்கும் தடுத்துவிடுகிறது. கற்றல் குன்றியதற்கு இணைப்பு வலுப்பெறாமை காரணமா, கவனமோ புலனுணர்வோ குன்றியது காரணமா என்று பிரித்துச் சொல்வது கடினம். மின்முனையோ தன் நுனிக்கு அருகிலுள்ள இழைகள் எங்கிருந்து வந்து எங்குச் செல்கின்றன என்று பாராமல் அனைத்தையும் தூண்டுகிறது. 2000-ஆம் ஆண்டில் மார்ட்டின், கிரிம்வுட், மாரிஸ் ஆகியோர் இந்தக் கருதுகோளை நிறுவ நான்கு சோதனைகள் தேவை என்று வகுத்தனர். கற்றலுக்குப் பின் மாற்றம் கண்டறியப்பட வேண்டும். மாற்றத்தைத் தடுத்தால் கற்றல் தடைபட வேண்டும். கற்ற பின் மாற்றத்தைக் குலைத்தால் நினைவும் குலைய வேண்டும். இறுதியாக, கற்றல் நிகழாமலேயே உரிய இணைப்புகளை மட்டும் செயற்கையாக மாற்றினால் நிகழாத ஒன்றின் நினைவு தோன்ற வேண்டும். முதல் இரண்டுக்கும் சான்று இருந்தது. மூன்றாவதற்கு அரைகுறையாக இருந்தது. நான்காவது கைக்கு எட்டாமல் நின்றது.

கருவி எப்படிச் சோதனையைத் தீர்மானித்தது

கிளாமிடோமோனாஸ் என்னும் ஒற்றைச் செல் பச்சைப் பாசி, ஒளியை நோக்கி நீந்துவதற்குப் பயன்படுத்தும் புரதம் சேனல்ரோடாப்சின். நீல ஒளி பட்டவுடன் தானே திறந்து நேர்மின் அயனிகளை உள்ளே விடும் வாய்க்கால் இது என்பதை கியோர்க் நாகெல், பீட்டர் ஹெகமான், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் ஆகியோர் நிறுவினர். இதன் இரண்டாம் வகை குறித்த அவர்களது ஆய்வு 2003-இல் வெளிவந்தது. 2005-இல் எட்வர்ட் பாய்டன், கார்ல் டைசெரோத் முதலானோர் அதைப் பாலூட்டியின் நரம்பணுக்களில் பொருத்தி, மில்லிநொடித் துல்லியத்தோடு ஒளியால் நரம்புத் துடிப்புகளை எழுப்பினர். இந்தப் புரதம் இயங்கத் தேவையான ரெட்டினால் என்னும் மூலக்கூறு பாலூட்டிகளின் மூளையில் இயல்பாகவே போதிய அளவு இருக்கிறது. இந்த எளிய உண்மை இல்லாதிருந்தால் ஒளியால் நரம்பணுக்களை இயக்கும் இந்த ஒளிமரபியல் முறை இத்தனை விரைவாக ஆய்வகங்களில் பரவியிருக்காது.

ஆயினும் 2005-ஆம் ஆண்டின் கருவியைக் கொண்டு 2014-ஆம் ஆண்டின் சோதனையைச் செய்திருக்க இயலாது. இதைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகின்றனர். முதல் தலைமுறைச் சேனல்ரோடாப்சின் ஒளி நின்ற பின்னும் மூடச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. தொடர்ந்து ஒளி பட்டால் அதன் மின்னோட்டம் விரைவில் தளர்கிறது. எனவே நொடிக்குப் பத்து, இருபது துடிப்புகள் வரை தவறாமல் பின்தொடரும் நரம்பணு, வேகம் கூடும்போது துடிப்புகளைத் தவறவிடத் தொடங்குகிறது. வலுவிறக்கத்துக்கு நொடிக்கு ஒரு துடிப்பு போதும். ஆனால் வலுவேற்றத்துக்கான மரபான செய்முறையோ நொடிக்கு 100 துடிப்பு கேட்கிறது. பழைய கருவியால் நினைவை அடக்கியிருக்கலாம், மீட்டிருக்க முடியாது. ஒருவழிச் சோதனையாக அது நின்றிருந்தால், ஒளி நரம்பிழைகளைச் சேதப்படுத்தியதால்தான் அச்சம் மறைந்தது என்னும் எளிய மறுப்புக்கே பதில் இருந்திருக்காது.

அந்த இடைவெளியை நிரப்பியது ஓச்சீஃப் என்னும் மாற்றுரு. ஒளிரும் புரதங்களுக்காக 2008-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரோஜர் சியெனின் ஆய்வகத்தில், ஜான் லின் இரு வகைச் சேனல்ரோடாப்சின்களின் பகுதிகளைக் கலந்து உருவாக்கிய கலப்புப் புரதத்திலிருந்து அது பிறந்தது. அது விரைவாக மூடுகிறது, தொடர் ஒளியில் குறைவாகவே தளர்கிறது. லின், சியென் இருவருமே 2014 ஆய்வின் கூட்டாசிரியர்கள். கேள்வியை வைத்திருந்த ஆய்வகமும் கருவியைச் செதுக்கிய ஆய்வகமும் ஒரே வளாகத்தில் இணைந்து உழைத்ததன் பயன் இது.

இழைகளைத் தேர்ந்த விதம்

அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவின் பக்கக் கரு, ஒலியையும் வலியையும் இணைக்கும் இடங்களுள் முதன்மையானது. ஒலிச் செய்தி அதற்கு இரு வழிகளில் வருகிறது: புலன் செய்திகளைக் கடத்தும் தாலமஸில் உள்ள உள் மூட்டுக்கரு ஒன்று, மூளையின் மேலடுக்கிலுள்ள கேட்புப் புறணி மற்றொன்று. ஒலியோடு மின்னதிர்ச்சியை இணைத்துக் கற்பித்தால் இந்த உள்வரும் இணைப்புகள் வலுப்பெறுகின்றன என்பதை ஜோசப் லெடூவின் ஆய்வகம் 1997-இலேயே பதிவு செய்திருந்தது. எந்த இணைப்பைப் பார்க்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்ததால்தான் காரண உறவைச் சோதிக்க இந்தச் சுற்று உகந்ததாயிற்று. நினைவின் இருப்பிடம் பல பகுதிகளில் சிதறிக் கிடக்கும் கற்றல் வகைகளில் இதே முயற்சி இத்தனை தெளிவாக அமைந்திராது.

ஓச்சீஃப் மரபணுவைச் சுமந்த, நோயுண்டாக்காத அடினோசார் வைரஸ் இவ்விரு கேட்புப் பகுதிகளிலும் செலுத்தப்பட்டது. அங்குள்ள நரம்பணுக்கள் புரதத்தை உற்பத்தி செய்து, செய்தியை வெளியே கடத்தும் தம் நீண்ட இழைகளான ஆக்சான்களின் முனைகள் வரை அனுப்பின. ஒளியிழையோ அந்த நரம்பணுக்களுக்கு மேல் அல்ல, ஆக்சான்கள் வந்து முடியும் பக்க அமிக்டலாவுக்கு மேல் பொருத்தப்பட்டது. வைரஸ் செலுத்திய இடம் இழைகளின் பிறப்பிடத்தைத் தேர்ந்தது. ஒளி விழும் இடம் அவற்றின் சேருமிடத்தைத் தேர்ந்தது. இரண்டும் ஒருங்கே பொருந்தும் இணைப்புகள் மட்டுமே தூண்டப்படும். மின்முனையால் ஒருபோதும் செய்ய இயலாத தேர்வு இது.

சோதனையின் வரிசை

எலிகளுக்கு முதலில் பரிசு பெறுவதற்காக நெம்புகோலை அழுத்தப் பழக்கினர். அஞ்சிய விலங்கு தான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிடும் என்பதால், குறி தோன்றும்போது அழுத்தும் வீதம் எவ்வளவு குறைகிறது என்பதே அச்சத்தின் அளவுகோலாயிற்று. பார்வையாளரின் தீர்ப்பை நம்பாமல் எந்திரமே எண்ணித் தரும் அளவு என்பது இதன் சிறப்பு.

பின்னர் ஒலிக்குப் பதிலாக, நொடிக்கு 10 துடிப்பு வீதமான ஒளித் தொடரே குறியாக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு ஒளியும் அதிர்ச்சியும் இணைத்துத் தரப்பட்டன. மற்றொரு குழுவுக்கு இரண்டும் தனித்தனி நேரங்களில் தரப்பட்டன. இணைத்துப் பெற்ற எலிகள் மறுநாள் ஒளித் தொடர் வந்ததும் நெம்புகோலை விட்டு விலகின. தனித்தனியே பெற்றவை விலகவில்லை. என்எம்டிஏ ஏற்பியைத் தடுத்துவிட்டுப் பயிற்றுவித்த எலிகளிடமும் இந்தக் கற்றல் நிகழவில்லை. ஆக, ஒளியைக் குறியாகக் கொண்டு உருவான இந்த நினைவு செயற்கையாகத் தொடங்கியதானாலும், இயல்பான அச்சக் கற்றல் நடக்கும் வழியிலேயே உருவானது என்று கொள்ள இடம் உண்டு.

அடுத்த கட்டமே நிகழ்வின் மையம். கற்ற எலிகளுக்கு நொடிக்கு ஒன்று வீதம் 900 ஒளித் துடிப்புகள் அதே இழைகளில் தரப்பட்டன. டூடெக்கும் பேரும் சீவலில் பயன்படுத்திய அதே எண்ணிக்கை, அதே வேகம். மறுநாள் 10 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 10 துடிப்பு) குறி தரப்பட்டபோது எலிகள் தயங்காமல் நெம்புகோலை அழுத்திக்கொண்டிருந்தன. அதன்பின் 100 ஹெர்ட்ஸ் வேகத்தில் அடுக்கடுக்கான துடிப்புகள் தரப்பட்டன. இம்முறை அதிர்ச்சி எதுவும் தரப்படவில்லை. அடுத்த சோதனையில் அச்சம் திரும்பியிருந்தது. ஒரே விலங்கில் இந்த அடக்கலையும் மீட்டலையும் மாறி மாறி நிகழ்த்தவும் முடிந்தது.

நடத்தை மாறியபோது இணைப்புகள் உண்மையிலேயே மாறினவா? இதற்கு இரு வகைச் சான்றுகள் தரப்பட்டன. முதலாவது, மூளைச் சீவல்களில் ஆம்பா ஏற்பி வழி மின்னோட்டத்துக்கும் என்எம்டிஏ ஏற்பி வழி மின்னோட்டத்துக்கும் இடையிலான விகிதம். வெறும் மின்னோட்ட அளவை ஒப்பிட்டால் பயனில்லை; வைரஸ் ஒரு விலங்கில் அதிக இழைகளையும் மற்றொன்றில் குறைந்த இழைகளையும் எட்டியிருக்கக்கூடும், அந்த வேறுபாடே இணைப்பு வலுவின் வேறுபாடாகத் தோன்றிவிடும். இரு மின்னோட்டங்களும் அதே இழைகளிலிருந்து வருவதால் விகிதம் எடுக்கும்போது இழைகளின் எண்ணிக்கை நீங்கிவிடுகிறது. இணைத்துப் பயிற்றுவித்த எலிகளில் இந்த விகிதம் உயர்ந்திருந்தது. இரண்டாவது, உயிருள்ள விலங்கின் அமிக்டலாவிலேயே ஒளி எழுப்பும் மின் எதிர்வினையை மின்முனை கொண்டு பதிவு செய்தனர். மெதுவான செய்முறைக்குப் பின் அது தாழ்ந்தது, வேகமான செய்முறைக்குப் பின் உயர்ந்தது.

மாற்று விளக்கங்களைச் சோதித்தல்

எலி தன் மூளைக்குள் விழும் ஒளியை எவ்வாறேனும் கண்ணால் உணர்ந்து அஞ்சியிருக்கலாம் என்னும் ஐயம் இத்தகைய சோதனைகள் அனைத்தையும் தொடர்கிறது. கண்ணால் உணர்ந்த குறியாயின், அமிக்டலாவுக்குள் வரும் கேட்பு இழைகளின் வலுவை மாற்றுவது அச்சத்தை மாற்றியிருக்க வேண்டிய தேவை இல்லை. இழைகள் சேதமடைந்ததால் அச்சம் மறைந்தது என்னும் விளக்கம், அச்சம் மீண்டதோடு வீழ்கிறது. சேதமடைந்த இழை வேகமான துடிப்பால் குணமடையாது.

சற்று வலுவான மாற்று விளக்கம் வேறொன்று. 900 துடிப்புகள் என்பது அதிர்ச்சியின்றி ஒளியை 900 முறை காட்டுவதும் ஆகும். குறியை விளைவின்றித் திரும்பத் திரும்பக் காட்டினால் அச்சம் தணியும் என்பது பாவ்லோவ் காலத்திலிருந்தே தெரிந்தது. அந்தத் தணிவு பழைய நினைவை அழிப்பதில்லை, 'இனி ஆபத்தில்லை' என்னும் புதிய கற்றலை அதன்மேல் ஏற்றுகிறது. ஆகவே எலி மறந்ததா, புதிதாகக் கற்றதா என்ற கேள்வி எழுவது நியாயமே. நொடிக்கு ஒரு துடிப்பு என்பது பயிற்சியில் பயன்பட்ட 10 ஹெர்ட்ஸ் குறியிலிருந்து வேறுபட்டது என்பதும், மெதுவான செய்முறையே இணைப்பின் எதிர்வினையை நேரடியாகத் தாழ்த்தியது என்பதும் வலுவிறக்க விளக்கத்துக்கு ஆதரவானவை. மேலும், தணிவு புதிய கற்றலாக இருந்தால், அதிர்ச்சி கலவாத வேகமான துடிப்புகள் அதை ஏன் நீக்க வேண்டும் என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படும். இந்தக் காரணங்களால் ஆய்வாளர்களின் விளக்கமே வலுவானது என்று கருதுகிறேன்.

எளிதில் நீங்காத ஐயம் ஒன்றும் உண்டு. ஆக்சானின் முனையில் ஒளி எழுப்பும் துடிப்பு முன்னோக்கி மட்டும் செல்வதில்லை; பின்னோக்கி நரம்பணுவின் உடலுக்கும், அங்கிருந்து அதன் பிற கிளைகளுக்கும் செல்லக்கூடும். அவ்வாறு சென்றால், அமிக்டலாவில் மட்டும் மாற்றம் நிகழ்ந்தது என்று சொல்வது தளர்கிறது. ஒளியிழை வைத்த இடத்தைக் கொண்டு மட்டும் இணைப்பின் இருப்பிடத்தை உறுதி செய்ய இயலாது. சேனல்ரோடாப்சின் வகைகள் ஓரளவு கால்சியத்தையும் உள்ளே விடுகின்றன என்பதால், முனையில் குளுட்டமேட் வெளியேறும் அளவே இயல்பிலிருந்து மாறக்கூடும். இவற்றோடு வெப்பத்தையும் சேர்க்க வேண்டும்: ஒளி மூளைத் திசுவைச் சற்றே சூடேற்றுகிறது, அந்தச் சூடு மட்டுமே நரம்பணுக்களின் இயக்கத்தை மாற்றப் போதுமானது என்பதை 2019-இல் அனடோல் கிரைட்சரின் ஆய்வகம் எடுத்துக்காட்டியது. ஒளிப்புரதம் இல்லாத விலங்குகளுக்கும் அதே ஒளியைத் தரும் கட்டுப்பாட்டுக் குழுவை இன்று எந்த ஆய்வும் தவிர்க்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

குறைவாகப் பேசப்படும் கட்டுப்பாட்டுச் சோதனை

ஒளியையும் அதிர்ச்சியையும் தனித்தனியே பெற்ற, அதாவது அச்சத்தைக் கற்காத எலிகளுக்கும் வேகமான துடிப்புகள் தரப்பட்டன. அவற்றிடம் அச்சம் தோன்றவில்லை.

இந்தச் சோதனை ஆய்வின் நம்பகத்தன்மையைக் காக்கிறது. வேகமான துடிப்புகள் தம்மளவில் எலியை அச்சுறுத்துவனவாக இருந்திருந்தால், நினைவு மீண்டது என்ற கூற்றே பொருளற்றுப் போயிருக்கும். ஆனால் அதே சோதனை கருதுகோளுக்கு ஓர் எல்லையையும் வகுக்கிறது. நினைவு என்பது கேட்பு இழைகளுக்கும் அமிக்டலாவுக்கும் இடையிலான இணைப்புகளின் வலு மட்டுமே என்றால், அந்த இணைப்புகளை வலுவேற்றிய எந்த எலியும் ஒளிக்கு அஞ்சியிருக்க வேண்டும். அது நிகழவில்லை. முன்பு கற்ற எலியிடம் அச்சத்தை மீட்ட அதே துடிப்புகள், கற்காத எலியிடம் எதையும் உருவாக்கவில்லை. ஆகவே கற்ற எலியிடம், வலுவிறக்கத்தால் அழியாத ஏதோ ஒன்று எஞ்சியிருந்தது. அதுவே வலு மீண்டவுடன் நடத்தையாக வெளிப்பட்டது.

எஞ்சியது எதுவாக இருக்கலாம்? பயிற்சியின்போது சில அமிக்டலா நரம்பணுக்கள் மட்டும் தேர்வாகி, வலியையும் தற்காப்பு நடத்தையையும் இயக்கும் பிற சுற்றுகளோடு இணைந்திருக்கலாம். அந்தப் பிற இணைப்புகளை ஒளி தொடவில்லை. அல்லது ஒளிரும் இழைகளுக்கும் குறிப்பிட்ட நரம்பணுக்களுக்கும் இடையே புதிய இணைப்புகளே தோன்றியிருக்கலாம். வலுவிறக்கம் அவற்றை மெலிவித்தது, அகற்றவில்லை. ஒளியின் வேகமான செய்முறை எல்லா இழைகளையும் வேறுபாடின்றி வலுவேற்றுகிறது; கற்றலோ சிலவற்றை மட்டும் தேர்ந்து வலுவேற்றுகிறது. அந்தத் தேர்வில்தான் செய்தி அடங்கியிருக்கிறது என்றால், வேறுபாடின்றி ஏற்றிய வலுவுக்குச் சொல்வதற்கு எதுவும் இராது.

மாரிஸ் குழுவின் நான்கு சோதனைகளைக் கொண்டு அளந்தால், 2014 ஆய்வு மூன்றாவதை நிறைவேற்றியது. அதற்கு முன் எவரும் செய்யாத வகையில், குலைத்ததோடு நில்லாமல் மீட்டும் காட்டியது. நான்காவது சோதனையில் அதன் விடை எதிர்மறையானது.

பின்வந்த ஆய்வுகள் இதை எங்கே கொண்டு சென்றன

காலத்தால் முந்திய ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். 2012-இல் கிறிஸ்டியன் லூஷரின் ஆய்வகம், கோகெய்ன் பெற்ற சுண்டெலிகளில் புறணியிலிருந்து பரிசு உணர்வோடு தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கம்பென்ஸுக்குச் செல்லும் இணைப்புகளை நொடிக்கு ஒரு துடிப்பான ஒளியால் வலுவிறக்கி, போதைப்பொருள் ஏற்படுத்திய நடத்தை மாற்றத்தை நீக்கியது. ஒளியால் வலுவிறக்கிய இணைப்பு நடத்தையை மாற்றும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. 2014 ஆய்வின் புதுமை இருவழிப் பயணத்தில் இருக்கிறது.

செயற்கைக் குறி என்னும் குறையை 2017-இல் வூங் பின் கிம், ஜுன் ஹியோங் சோ இருவரும் எதிர்கொண்டனர். சுண்டெலிகளுக்கு இரு வேறு சுருதிகளைக் கேட்கச் செய்து ஒன்றோடு மட்டும் அதிர்ச்சியை இணைத்தனர். அச்சமூட்டும் சுருதிக்கு எதிர்வினையாற்றிய நரம்பணுக்களில் மட்டும் ஒளிப்புரதம் தோன்றச் செய்து, அவற்றின் இணைப்புகளை வலுவிறக்கியபோது உண்மையான ஒலியின்மீதிருந்த அச்சம் தணிந்தது. எல்லா இழைகளையும் ஒருங்கே தொடாமல், கற்றலில் பங்கேற்றவற்றை மட்டும் தொட்டது இதன் முன்னேற்றம்.

ஒரு படி மேலே சென்று தனித்தனி இணைப்பு முட்களையே, அதாவது இணைப்பைத் தாங்கி நரம்பணுக் கிளையில் துருத்தி நிற்கும் நுண்முனைகளையே, தொட்டது 2015-ஆம் ஆண்டின் ஜப்பானிய ஆய்வு. ஓட்ஸ் செடியின் ஒளியுணர் புரதத்திலிருந்து எடுத்த ஒரு பகுதியை ராக்1 என்னும் நொதியோடு இணைத்து, 2009-இல் கிளாஸ் ஹானின் ஆய்வகம் ஒளியால் விழித்தெழும் ராக்1-ஐ உருவாக்கியிருந்தது. ஹயாஷி-தகாகி, ஹருவோ கசாய் முதலானோர் அதைத் திருத்தி, அண்மையில் வலுப்பெற்ற முட்களில் மட்டும் சேரும்படி அமைத்தனர். சுழலும் உருளையின் மீது ஓடக் கற்ற சுண்டெலிகளின் இயக்கப் புறணியில் நீல ஒளி பட்டதும் அந்த முட்கள் சுருங்கின, கற்ற திறன் குலைந்தது. அதே புறணிப் பகுதியில் வேறொரு இயக்கப் பயிற்சியில் வலுப்பெற்ற முட்களைச் சுருக்கியபோது இந்தத் திறன் பாதிக்கப்படவில்லை. நரம்பணுவைத் துடிக்கச் செய்யாமல் முள்ளின் வடிவத்தை மட்டும் மாற்றுவதால், பின்னோக்கிச் செல்லும் துடிப்பு பற்றிய ஐயம் இங்கே எழுவதில்லை. கருவிகளின் வளர்ச்சியில் என்னை மிகவும் ஈர்த்த படி இதுவே.

காலத்தின் துல்லியத்தை 2021-இல் யசுனோரி ஹயாஷியின் ஆய்வகம் சேர்த்தது. வலுவேற்றத்தின்போது முள்ளில் குவியும் கோஃபிலின் என்னும் புரதத்தோடு ஒளியில் வினைபுரியும் சூப்பர்நோவா புரதத்தை இணைத்து, ஒளி பட்ட அந்த வேளையில் உருவாகிக்கொண்டிருக்கும் வலுவேற்றத்தை மட்டும் நீக்கும் வழியை அவர்கள் கண்டனர். கற்ற உடனே ஹிப்போகாம்பஸில் ஒரு வலுவேற்றமும், அன்றைய உறக்கத்தின்போது அதே இடத்தில் மற்றொன்றும், அடுத்த நாள் உறக்கத்தின்போது மூளையின் மற்றொரு பகுதியான முன் சிங்குலேட் புறணியில் வேறொன்றும் நினைவு நிலைபெறத் தேவைப்படுகின்றன என்பது தெரியவந்தது. 2014 ஆய்வில் ஒற்றைச் சுவிட்சாகத் தோன்றிய வலுவேற்றம், இங்கே பல கட்டங்களாகப் பிரிந்து நிற்கிறது.

வலுவில்தான் நினைவு இருக்கிறது என்னும் கூற்றுக்கு மிகக் கடுமையான சவாலாக அமைந்தது 2015-இல் சுசுமு டொனெகாவாவின் ஆய்வகத்திலிருந்து வந்த ஆய்வு. கற்ற உடனே புரத உற்பத்தியைத் தடுத்ததால் கற்றலின்போது கிளர்ந்த நரம்பணுக்களான நினைவணுக்களின் இணைப்பு வலு உயராமல் போன சுண்டெலிகள், இயல்பான குறிகளால் எதையும் நினைவுகூரவில்லை. ஆனால் அந்த நினைவணுக்களையே ஒளியால் நேரடியாகத் தூண்டியபோது அச்சம் வெளிப்பட்டது. அணுக்களுக்கிடையே எது எதோடு இணைந்திருக்கிறது என்னும் அமைப்பே நினைவைத் தாங்குகிறது, வலு அதை எட்டுவதற்கு உதவுகிறது என்பது அவர்களின் விளக்கம்.

இந்த முடிவும் நபாவி குழுவின் முடிவும் முரண்படுவதாகப் பலர் எழுதியுள்ளனர். கற்காத எலிகளின் கட்டுப்பாட்டுச் சோதனையை மனத்தில் கொண்டு படித்தால் முரண்பாடு மறைகிறது. இரண்டிலும் வலு தாழ்ந்தபோது குறியால் நினைவை எட்ட முடியவில்லை. இரண்டிலும் நினைவுக்கு அடித்தளமான ஏதோ ஒன்று எஞ்சி நின்றது. ஒரு குழு வலுவைத் திரும்ப ஏற்றி அதை எட்டியது, மற்றொரு குழு வலுவைத் தவிர்த்து அணுக்களையே தூண்டி எட்டியது. 2018-இல் கயோரு இனோகுச்சியின் ஆய்வகம் இதன் எல்லையை மேலும் நகர்த்தியது: வலுவைக் குலைத்து முழு மறதி ஏற்படுத்திய பின், உரிய இணைப்புகளில் ஒளியால் வலுவேற்றியபோது அச்ச நினைவு மீண்டது, ஒரே அணுக்களைப் பகிர்ந்துகொண்ட இரு நினைவுகளில் ஒன்றை மட்டும் இணைப்பின் அளவில் நீக்கவும் முடிந்தது. அணுக்கள் பொதுவாயிருந்தும் நினைவுகள் பிரிந்து நிற்கின்றன என்றால், எந்த நினைவு என்னும் அடையாளம் இணைப்புகளின் தேர்வில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இதே முறையை மேற்கொள்வோர் கவனிக்க வேண்டியவை

வலுவேற்றச் செய்முறையின் வேகத்தைத் தேர்வதற்கு முன், தேர்ந்த ஒளிப்புரதம் அந்த வேகத்தைத் தம் விலங்கிலும் தம் இழைகளிலும் தவறாமல் பின்தொடர்கிறதா என்பதைப் பதிவு செய்து உறுதிப்படுத்த வேண்டும். நரம்பணு உடலில் பின்தொடர்வது ஆக்சான் முனையிலும் பின்தொடர்வதற்கு உத்தரவாதம் ஆகாது. துடிப்பு இழந்த வேகமான தொடர், நடைமுறையில் நடுத்தர வேகத் தொடராகிவிடும். அதன் விளைவு வலுவேற்றமாக இல்லாமலும் போகலாம். ஒவ்வொரு விலங்கிலும் வைரஸ் பரவிய எல்லையையும் ஒளியிழை நின்ற இடத்தையும் சோதனை முடிந்த பின் திசுச் சீவலில் பார்த்துத்தான் தரவில் சேர்க்க வேண்டும். நடத்தை மாற்றத்தை மட்டும் காட்டி இணைப்பு வலுவை அளக்காத ஆய்வு, ஒளி எதையோ செய்தது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

நிறைவேறாமல் நிற்பது அந்த நான்காவது சோதனையே. அதற்கு, ஒரு விலங்கு குறிப்பிட்ட அச்சத்தைக் கற்கும்போது எந்த இணைப்புகள் வலுப்பெறுகின்றன என்பதை முள் அளவில் வரைபடமாக்கி, அதே வகை இணைப்புகளை மட்டும், கற்காத விலங்கில், முள் முள்ளாகத் தேர்ந்து வலுவேற்றியாக வேண்டும். முட்களைத் தனித்தனியே சுருக்கும் கருவி கையில் இருக்கிறது. கால்சியம் சார்ந்த நொதிகளை ஒளியால் விழிக்கச் செய்து தனி முள்ளை வலுவேற்றும் முயற்சிகளும் சீவல்களில் வெற்றி கண்டுள்ளன. விழித்திருக்கும் விலங்கின் ஆழ்ந்த மூளைப் பகுதியில், ஆயிரக்கணக்கான முட்களுக்கு ஒரே வேளையில் அதைச் செய்யும் ஒளியியல்தான் இன்னும் கைகூட வேண்டியது.